யூரியாவை விட்டுட்டு இயற்கைக் கமத்துக்கு மாறுறது, வன்னியில சரிவருமோ?

19.08.2023 (கேள்வி, ஒட்டுசுட்டானில இருந்து ஒரு தம்பி)
அப்பான்ர வயல் நாலு ஏக்கர் முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழ, வீட்டோட மேட்டுக்காணி ஒண்டரை ஏக்கர். நான் கட்டாரில இருந்து வந்திட்டன், இனிப் போற எண்ணம் இல்லை. இந்தக் காலபோகத்தில (மாரி மழைப் போகம்) இருந்து முழுக்க இயற்கைக்கு மாறுவம் எண்டு நிக்கிறன். ஏக்கருக்கு ஜீவாமிர்தம் 200 லீற்றர் விட்டா வேற உரமே தேவையில்லை எண்டு யூடியூப்பில தமிழ்நாட்டு ஆக்கள் சொல்லுகினம். அப்பா எண்டா, 2021ல நாடே செய்து பாத்துத்தானே சோத்துக்கு வரிசையில நிண்டது, உனக்கென்ன விசரோ எண்டு கேக்கிறார். ஆர் சொல்லுறது சரி?

20.08.2023, காலமை
நாலு ஏக்கரையும் ஒரே போகத்தில மாத்தாதேங்கோ தம்பி. அதை முதல் சொல்லிப்போட்டுத்தான் மிச்சக் கதை. நான் முரசுமோட்டைப் பக்கம், இரணைமடுக் குளத்துத் தண்ணி, வயல் மூண்டு ஏக்கர். அதில ஒரு ஏக்கருக்கு இப்ப சில வருசமா யூரியாவும் இல்லை மருந்தும் இல்லை, வீட்டுத் தோட்டக்காணி முழுக்க இயற்கை.

அப்பா சொல்லுற 2021ஐ நானும் வயலுக்குள்ள நிண்டு பாத்தனான். இரசாயன உரத்தை மறிக்கிறதெண்டு சித்திரைக் கடைசியில அமைச்சரவை முடிவெடுத்தது, வைகாசி 6 வர்த்தமானி வந்தது, ஐப்பசியில நாங்கள் விதைக்கிறம். இடையில கிடந்தது ஆறு மாதம் கூட இல்லை. அதுக்குள்ள நாடு முழுக்கக் கூட்டெரு செய்து குடுப்பம் எண்டவை, சீனாவில இருந்து கப்பலில வந்த உரத்தில எர்வினியா பக்ரீரியா இருக்கெண்டு இறக்காமலே திருப்பிப்போட்டுப் பேந்து அந்தக் கொம்பனிக்கு 60 இலட்சம் டொலருக்கு மேல கட்டினவை, இந்தியாவில இருந்து நானோ நைதரசன் எண்டு தண்ணியா வந்தது. கார்த்திகை 24 அமைச்சர் தடையை எடுக்கிறம் எண்டு அறிவிக்கேக்க எங்கட பயிர் மட்டம் வெடிச்சு (பக்கத் தண்டு விட்டு) நிக்குது, முதல் பசளை போட்டிருக்க வேண்டிய நாள் எல்லாம் போயிட்டுது. தடை எடுத்தாப் போலயும் யூரியா உடன வரேல்ல, வந்ததுக்கும் அந்தருக்கு (50 கிலோ) பத்தாயிரக் கணக்கில கேட்டாங்கள். பசளையை நம்பி வளந்த நிலத்துக்கு ஒரு போகத்தில பசளையை மறிச்சா என்ன நடக்கும் எண்டதை அண்டைக்குப் பாத்தம். இயற்கையாச் செய்யேலுமோ ஏலாதோ எண்டதை அதை வைச்சுச் சொல்லேலாது. அப்பான்ர கோவம் நியாயம், அவர் எடுத்த முடிவோடதான் எனக்கு ஒத்துப்போகேல்ல.

20.08.2023, இரவு
ஜீவாமிர்தத்துக்கு வாறன். கணக்கைப் பாருங்கோ, நான் ஆரையும் பகிடி பண்ணேல்ல, நானும் செய்து விடுறனான்.

யூரியாவில நைதரசன் 46 வீதம். எங்கட பக்கம் நீர்ப்பாசன வயலுக்கு ஏக்கருக்குக் கிட்டத்தட்ட ரெண்டு அந்தர் யூரியா போடுறது, அதாவது 46 கிலோ நைதரசன். 200 லீற்றர் ஜீவாமிர்தத்துக்குப் போறது என்ன? மாட்டுச்சாணி 10 கிலோ, மாட்டுச்சலம் (மூத்திரம்) 5, 10 லீற்றர், சர்க்கரை 2 கிலோ, பயத்தமா 2 கிலோ, ஒரு கைப்பிடி மண். பச்சைச் சாணியில நைதரசன் அரை வீதம்தான், 10 கிலோவில 50 கிராம். சலத்தையும் மாவையும் சேத்தாலும் முழு பரலுக்குள்ளயும் கால் கிலோவைத் தாண்டாது. 46 கிலோவுக்குக் கால் கிலோ! அது மண்ணில இருக்கிற நுண்ணுயிரைக் கிளப்பிவிடும் எண்டுதான் அவை சொல்லுகினம். கிளப்பினாலும் அதுகள் தின்னுறதுக்கு மண்ணுக்குள்ள ஏதும் கிடக்க வேணும். வருசக்கணக்கா வைக்கலைக் கொழுத்தி யூரியா மட்டும் போட்டு எடுத்த வயலுக்குள்ள என்ன கிடக்கு?

நல்லா உக்கின கூட்டெருவில ஒரு வீதம் நைதரசன் எண்டு வைச்சாலும் அந்த 46 கிலோவுக்கு நாலரைத் தொன்னுக்கு மேல வேணும், அதிலயும் முதல் போகத்தில பயிருக்குக் கிடைக்கிறது ஒரு பங்குதான். ஒரு ஏக்கருக்கே இவ்வளவு. நாலு ஏக்கருக்கு இந்த ஆவணியில எங்க போவியள்?

23.08.2023
தம்பி கேட்டிருக்கிறார், அப்ப எதில தொடங்குறது எண்டு. மேட்டுக்காணியில. காரணம் தண்ணி. வயலுக்கு வாய்க்காலில வாற தண்ணி மேல்வயலுக்குள்ளால பாய்ஞ்சுதான் உங்கட வயலுக்கு வரும், மேல்வயல்காரர் களைநாசினி அடிச்சு அடுத்த நாள் வரம்பை வெட்டிவிட்டா உங்களுக்கும் அதுதான். மேட்டுக்காணிக்கு உங்கட கிணறு. ஆரும் குழப்பேலாது.

02.09.2023
சாணி எங்க எடுக்கிற எண்டு ரெண்டு மூண்டு பேர் கேட்டிருக்கினம். வன்னியில இருந்துகொண்டு இதைக் கேக்கிறது எனக்குக் கவலைதான், ஆனா கேள்வி சரி. முந்தி வீட்டுக்கு வீடு மாடு நிண்ட இடம், 2009ல சண்டைக்குள்ள பட்டி பட்டியா விட்டுட்டு ஓடினம், திரும்பி வந்து நாங்கள் கண்டது வேற ஆக்களின்ர குறி போட்ட மாடும் கட்டாக்காலியும். இப்ப திரும்பப் பெருகியிருக்கு, ஆனா முந்தி மாதிரி எல்லா வீட்டிலயும் இல்லை, சில பேரிட்டப் பெரிய பட்டியா நிக்குது.

அந்தப் பட்டிக்காரரைப் பிடியுங்கோ. சிறுபோக அறுப்பு முடிஞ்சு காலபோக உழவுக்கு முதல், இந்த ஆவணி புரட்டாதியில, மாடு வெறும் வயலுக்குள்ளதான் மேயும். உங்கட காணிக்குள்ள பட்டி அடைக்கச் சொல்லிக் கேளுங்கோ. காசோ நெல்லோ ரெண்டு பகுதிக்கும் ஏத்த மாதிரிப் பேசலாம். நான் செய்யிற விதம் இதுதான்: முள்ளுக்கம்பி ரெண்டு வரி, நாலு மூலைக்கும் கட்டை, பின்னேரம் மாட்டை உள்ள விட்டா விடிய அவிழ்ப்பினம். ரெண்டு மூண்டு இரவுக்கு ஒருக்காக் கட்டையைப் பிடுங்கி அடுத்த துண்டுக்கு நகத்திறது. விடியப் போய்ப் பாத்தா நிலம் முழுக்கக் குளம்பு மிதிச்சுப் புழுதியாய்க் கிடக்கும், சாணியைவிடச் சலம் ஊறின இடம்தான் பெரிசு, காலை வைச்சா மண் கறுத்து ஈரமாய் ஒட்டும், மூக்கில ஏறுற வாசம் அடிக்கும். அந்த வாசம் காத்தோட போறது நைதரசன் போறது, அதால பட்டி நகத்தின உடன மேலோட்டமா ஒருக்கா உழுது மூடிப்போடுங்கோ. மழை வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கக்கூடாது.

ஒரு விசயம், மாடு தின்ற புல்லு விதை எல்லாம் சாணியோட வரும். வயலுக்குப் பரவாயில்லை, தண்ணி கட்டினா அரைவாசி சாகும். மிளகாய்ப் பாத்திக்குப் பச்சைச் சாணி போட்டா பேந்து களையோட மாரடிக்க வேண்டியதுதான், அதுக்கு உக்க வைச்சுத்தான் போடோணும்.

03.09.2023
நேற்று எழுதிப்போட்டுப் படுக்கேக்க என்ர அப்பாவை யோசிச்சன். 90களில பொருளாதாரத் தடை எண்டு அரசாங்கம் வன்னிக்குள்ள வரவிடாமல் மறிச்ச சாமான்களுக்குள்ள யூரியாவும் ஒண்டு, வெடிமருந்து செய்வினம் எண்டு. மண்ணெண்ணெயும் இல்லை, பற்றரியும் இல்லை, யூரியாவும் இல்லை. அந்த நேரம் இஞ்ச ஆரும் அதை இயற்கை விவசாயம் எண்டு சொல்லேல்ல. குழை வெட்டித் தாட்டம் (மண்ணுக்குள்ள புதைச்சம்), பூவரசங்குழை, வேப்பங்குழை, வேலி பிரிச்ச பழைய பனையோலை எல்லாம் தோட்டத்துக்குள்ள கிடங்கு வெட்டித் தாட்டம், ஒரு போகம் விளைஞ்சா மறு போகம் சும்மா விட்டம். விளைச்சல் குறைவு, ஆனா சனம் தின்றது. அப்பாக்கு அந்த அறிவு முழுக்க இருந்தது. பாதை திறந்து யூரியா வந்த உடன அவர்தான் முதல் ஆளாய்ப் போய் வாங்கினவர், அவரில எனக்குக் குறை சொல்ல ஒண்டும் இல்லை, மூண்டு பிள்ளையளைப் படிப்பிக்க வேணும், குழை வெட்டுற கைக்கும் வயசு போகுது.

ஒட்டுசுட்டான் தம்பி, உங்கட அப்பாட்டையும் இதைக் கேளுங்கோ. 2021ஐ விட்டுட்டு அதுக்கு முந்தினதைக் கேளுங்கோ. எந்தக் குழை எத்தினை நாளில உக்கும், எந்த மூலையில தண்ணி தேங்கும், அதெல்லாம் யூடியூப்பில இல்லை.

10.10.2023
மழை தொடங்கிட்டுது, எல்லாரும் விதைப்பில நிக்கினம், கெதியா எழுதிறன். களை.

ஆக்கள் உரத்தைப் பற்றித்தான் கேக்கினம், ஆனா வன்னி வயலில இயற்கைக்கு மாறுறதுக்கு உண்மையான மறிப்பு களைதான். நாங்கள் வீசி விதைக்கிற ஆக்கள், புழுதி விதைப்பு எண்டா சொல்லவே தேவையில்லை, நெல்லும் நெற்சப்பிப் புல்லும் கோரையும் ஒண்டா முளைக்கும். களைநாசினி ஒருத்தன் ஒரு காலமைக்குள்ள அடிச்சு முடிச்சிடுவான். கையால பிடுங்கிறதெண்டா பொம்பிளையள்தான் வரவேணும், கூலி குடுக்க எங்களிட்டக் காசில்லை, காசிருந்தாலும் ஆக்கள் இல்லை, இளம் பிள்ளையள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகினம், போறவையைப் பிழை சொல்லேலாது, மாதம் முடியச் சம்பளம் வருது.

என்ர ஏக்கருக்கு நான் நாத்து மேடை போட்டு வரிசையில நட்டிருக்கிறன், இடைக்குள்ளால கையால தள்ளுற களைமிசின் போகும். நடுகைக்குச் செலவு கூட, விதைநெல் மிச்சம். நடமுன்னம் தண்ணியைக் கட்டி ஒருக்கா உழுது, முளைக்கிற களையை முளைக்க விட்டு, திரும்ப உழுது தாட்டுப்போட்டுத்தான் நடவேணும். அந்த ரெண்டு கிழமைப் பொறுமைக்கு வாய்க்கால் தண்ணி ஒத்துவர வேணும், தண்ணி திறக்கிற நாளைக் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில முடிவெடுக்கிறது, அதால கூட்டத்துக்குப் போய் வாயைத் திறந்து கேளுங்கோ. நான் போற கூட்டத்தில பொம்பிளையள் பின்வரிசையில இருந்து கேட்டுக்கொண்டு வாறவை, இப்ப கொஞ்சம் மாறியிருக்கு.

29.11.2023
பரந்தன் பக்கம் ஒரு அண்ணை வைக்கலை அப்பிடியே உழுது தாட்டு நட்டவராம், பயிர் மஞ்சளாய் நிக்குது, நோயோ எண்டு கேக்கிறார். நோயில்லை அண்ணை. வைக்கலில காபன் கூட, நைதரசன் குறைவு, அதை உக்க வைக்கிற நுண்ணுயிர் மண்ணில கிடக்கிற நைதரசனைத் தான் எடுத்துப் பயிரைப் பட்டினி போடும், வைக்கல் உக்கி முடிய அது திரும்ப வெளியில வரும். அறுப்பு முடிஞ்ச கையோட வைக்கலைத் தாட்டிருந்தா விதைப்புக்கு முதல் அது அடங்கியிருக்கும். இப்ப செய்யிறதெண்டா ரெண்டு நாள் தண்ணியை வடியவிட்டு மண்ணைக் காத்துக் குடிக்க விடுங்கோ, மாட்டுச்சலத்தைப் பத்து மடங்கு தண்ணியில கலந்து விடுங்கோ.

இதுக்காக வைக்கலைக் கொழுத்தத் தொடங்கிப்போடாதேங்கோ. நெற்பயிர் எடுக்கிற பொட்டாசியத்தில பெரும்பங்கு வைக்கலுக்குள்ளதான் நிக்கும். வெட்டுற மிசின் போன உடன நெருப்பு வைக்கிறதும் லொறியில ஏத்தி விக்கிறதும் ஒண்டுதான், காணியில இருந்து போனது போனதுதான்.

21.12.2023
பூச்சி. எங்கட பக்கம் மடிச்சுக்கட்டி கொஞ்சம் வந்தது, இலை நீளத்துக்கு மடிஞ்சு வெள்ளைக் கோடு விழும். மட்டம் வெடிக்கிற நேரம் வந்தா நான் ஒண்டும் செய்யிறேல்ல, பயிர் புது இலை விட்டுத் தாண்டிடும். பயமெல்லாம் அறக்கொட்டிக்குத்தான், தண்டில சாறு உறிஞ்சுற பூச்சி, பயிர் வட்டம் வட்டமாக் கருகிக்கொண்டு போயிடும்.

அறக்கொட்டியை மேல நிண்டு பாத்துக் காணேலாது. சேத்துக்குள்ள இறங்கிக் குனிஞ்சு, ஒரு பயிரை ரெண்டு கையாலயும் விரிச்சு அடித்தண்டைப் பாக்கோணும், தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல மண்ணிறமாச் சின்னனாய் ஒட்டிக்கொண்டு நிக்கும், தட்டினாத் தண்ணியில விழுந்து நண்டு மாதிரிப் பக்கப்பாடா நகரும். அதே இடத்தில சிலந்தி ஓடுதா எண்டு பாருங்கோ. என்ர மருந்தில்லாத துண்டில ஒவ்வொரு பயிரடியிலயும் சிலந்தி ஓடுது, விடிய வெயிலுக்கு முதல் போனா வரம்பில இருந்து பாக்க வலை எல்லாம் பனியோட வெள்ளையாத் தெரியும். மற்ற ரெண்டு ஏக்கரில அப்பிடி இல்லை. யூரியாவைக் கூடப் போட்டா தண்டு மெதுத்து அறக்கொட்டிக்கு வாய்க்கு ருசியா இருக்கும், முன்கூட்டியே மருந்தடிச்சா முதல் சாகிறது சிலந்திதான், பேந்து அறக்கொட்டி தன்ர பாட்டுக்குப் பெருகும். அறக்கொட்டியின்ர கதை உலகம் முழுக்க இதுதான்.

வேப்பங்கொட்டைக் கரைசல் கேட்டவைக்கு: 100 லீற்றருக்குப் பருப்பு 5 கிலோ, இடிச்சு இரவு முழுக்க ஊறவிட்டு வடிச்சு, கொஞ்சம் சவர்க்காரம் கலந்து பின்னேரத்தில அடியுங்கோ, வெயில் பட்டாச் சத்துப் போயிடும். கொட்டை ஆனி ஆடியில பொறுக்கி நிழலில காயவைச்சிருக்கோணும். இப்ப மார்கழியில தேடினாப் பூசணம் பிடிச்சதுதான் கிடைக்கும்.

07.01.2024
கிட்னி வருத்தத்தைப் பற்றி ஒருத்தர் நீளமா எழுதி, அது முழுக்க உரத்தாலயும் மருந்தாலயும் எண்டு முடிச்சிருக்கிறார். வவுனியாப் பக்கம், முல்லைத்தீவில சில இடம், சனம் படுற பாடு எனக்கும் தெரியும், என்ர சொந்தத்துக்குள்ளயே இரத்தம் சுத்தம் செய்யப் போற ஆள் இருக்கு. ஆனா காரணம் இன்னும் முடிவாகேல்ல. தண்ணியின்ர கடினம், புளோரைட், வெயிலுக்குள்ள தண்ணி குடியாமல் வேலை செய்யிறது, விவசாய மருந்து, எல்லாத்தையும் ஆராய்ஞ்சுகொண்டு இருக்கினம். இதைக் காட்டித்தான் 2015ல கிளைபோசேற்றைத் தடை செய்தவை, 2018ல தேயிலைக்கும் றப்பருக்கும் விட்டவை, 2022ல இறக்குமதித் தடையை எடுத்திட்டினம். முடிவாகாத ஒண்டை முடிவெண்டு சொல்லி ஆக்களை இயற்கைக்குக் கூப்பிட்டா நாளைக்கு வேற காரணம் வந்தா எங்களை ஆர் நம்புவினம்? மருந்தடிக்கிறவன் கையுறை இல்லாமல், முகத்துக்குத் துவாயைக் கட்டிக்கொண்டு காத்துக்கு எதிரா நிண்டு அடிக்கிறான், கை கழுவாமல் வெத்திலை போடுறான். அது உடம்புக்குக் கூடாதெண்டு சொல்லுறதுக்கு இன்னொரு ஆராய்ச்சி தேவையில்லை.

18.02.2024
அறுத்தாச்சு. இயற்கைத் துண்டில ஏக்கருக்கு 17 மூடை, மற்றதில 25. ஒளிக்க ஒண்டும் இல்லை, எட்டு மூடை குறைவு. நட்டது பச்சைப்பெருமாள், அதுக்கு உரம் போட்டாலும் புது இனங்கள் மாதிரி விளையாது, உயந்து வளந்து சாயும், அதால ரெண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுறதும் முழுக்கச் சரியில்லை. செலவு எண்டு பாத்தா உரக்காசும் மருந்துக்காசும் இல்லை, நடுகைக் கூலியும் களைக்கூலியும் அதில பெரும்பங்கைத் திண்டிட்டுது.

பேந்து விலை. ஆலைக்காரர் ரெண்டு வகை மூடையையும் ஒரே விலைக்குத்தான் எடுப்பார், அவருக்கு இயற்கை எண்டொரு சாக்கு இல்லை. நான் நெல்லா விக்கிறேல்ல, அவிச்சுக் குத்தி அரிசியா விக்கிறன், கிளிநொச்சி ரவுணிலயும் யாழ்ப்பாணத்திலயும் தெரிஞ்ச வீடுகள், வெளிநாட்டில இருந்து லீவில வாற ஆக்கள் கிலோக்கணக்கில கொண்டு போகினம். அந்த விலையாலதான் எட்டு மூடைக்குறை நிரம்பிச்சு. ஒரு ஏக்கர் அரிசியை இப்பிடி வீட்டுக்கு வீடு விக்கலாம். நாலு ஏக்கர் அரிசியை?

19.02.2024
சான்றிதழ் எடுக்கலாமே எண்டு கீழ ஒருத்தர். எடுக்கலாம். எங்கட நாட்டில எஸ்எல்எஸ் 1324 எண்டு சேதன (இயற்கை) விவசாயத்துக்கு இலங்கைத் தரம் இருக்கு. ஐரோப்பாவுக்கு அனுப்பிறதெண்டா நெல்லு, மரக்கறி மாதிரிப் பயிருக்கு விதைக்க முதல் ரெண்டு வருசம், மாமரம், எலுமிச்சை மாதிரி நிண்டு காய்க்கிறதுக்கு அறுவடைக்கு முதல் மூண்டு வருசம் அந்தக் காணி சுத்தமா நிண்டிருக்கோணும். அந்த வருசங்களிலதான் விளைச்சலும் குறையும், இயற்கை எண்ட பேரில விலையும் கேக்கேலாது. தனி ஆள் தாங்கிறது கஷ்டம். பக்கத்து வயல்காரர் அஞ்சாறு பேர் சேந்து, ஒரே வாய்க்காலில தொடர்ச்சியா இருக்கிற ஆக்களாச் சேந்து எடுத்தா மேல்வயல் தண்ணிப் பிரச்சினையும் தீரும், செலவும் பிரியும். காலபோகத்துக்குக் காசு கடன் எடுத்து நிக்கிற ஆளை இதுக்கு வாவெண்டு கூப்பிட எனக்கு மனம் வராது. கடனை முடிச்சவை, இல்லையெண்டா வீட்டில வேற சம்பளம் வாறவை முதல் இறங்கட்டும்.

26.05.2024
ஒட்டுசுட்டான் தம்பி திரும்ப வந்திருக்கிறார். வயலில அப்பா இன்னும் இடம் குடுக்கேல்லையாம், மேட்டுக்காணியில அரை ஏக்கர் தந்தவராம், உரமா உழுது தாட்டுவிடச் சணலும் விதைச்சாச்சாம். அரை ஏக்கர் காணும் தம்பி, நல்லாக் காணும். சணல் பூக்கத் தொடங்கின உடன, ஒண்டரை மாதத்துக்குக் கிட்ட, தண்டு முத்த முதல் உழுது தாட்டுப்போடுங்கோ, விதைக்கு விட்டா நாராப் போயிடும். உங்கட பக்கத்துச் செம்மண்ணுக்குத் தண்ணி நிக்காது, இந்த வெயிலுக்குப் போடுற எருவும் கெதியாக் கரைஞ்சு போயிடும், அதால ஒருக்காக் கனக்கப் போடுறதிலும் பாக்க ஒவ்வொரு போகமும் கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்கோ, மேல வைக்கலோ காய்ஞ்ச சருகோ மூடிவிடுங்கோ. வேலி ஓரம் முழுக்கக் கிளிசரியாத் தடி ஊண்டுங்கோ, மழைக்கு ஊண்டினா அடுத்த வருசம் குழை வெட்டலாம்.

முதல் பயிரா மிளகாய் வேண்டாம், இலைசுருளல் வந்தா மனம் விட்டுப்போயிடும். கச்சான் போடுங்கோ, பயறு போடுங்கோ, ரெண்டும் தன்ர நைதரசனைத் தானே எடுக்கும், கச்சானுக்கு இஞ்ச எப்பவும் ஆள் நிக்கும், மாங்குளம் முறிகண்டிப் பக்கம் றோட்டுக்கரையிலயே விக்கலாம். காட்டுப்பண்டிக்கு மட்டும் வேலியை இறுக்கிப்போடுங்கோ, அதுக்குக் கச்சான் எண்டா உயிர்.

எப்பாவல பொஸ்பேற்று (எப்பாவலையில தோண்டுற கல்லுப் பசளை) போடலாமோ எண்டு கேட்டிருக்கிறியள், போடலாம், ஆனா அது மெல்லக் கரையிற சாமான், நிண்டு வளர்ற மரத்துக்குத்தான் நல்லம். தென்னங்கண்டு வைக்கிறதெண்டாக் கிடங்குக்குள்ள போடுங்கோ, கச்சானுக்குப் போட்டு இந்தப் போகமே பலன் பாக்கேலாது.

27.05.2024
பச்சைப்பெருமாள் விதைநெல் கேட்டவை: என்னட்டை நாலஞ்சு பேருக்குக் கையளவு தரக் கிடக்கு, ஏக்கர் கணக்கில இல்லை. நாத்து மேடை போட்டுப் பெருக்கி அடுத்த காலபோகத்துக்கு நீங்களே விதையெடுங்கோ. ஆவணிக்குள்ள வாங்கோ, பிந்தினா அந்து புகுந்திடும். சாக்கு நீங்கள்தான் கொண்டு வரவேணும்.